ஆறு பிளேடும் ஒரே கோணத்தில் திரும்ப என்ன வழி?

காங்கயம் பக்கத்திலிருந்து பட்டறை நடத்தும் ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன்.

"கொப்பரை உலர்த்தும் டிரையருக்குக் காற்று வாசல் செய்கிறேன். ஒன்றின் மேல் ஒன்றாக 6 பிளேடு. ஒவ்வொன்றும் 600 மி.மீ. நீளம், 100 மி.மீ. அகலம். ஷாஃப்டுக்கு ஷாஃப்ட் 95 மி.மீ. இடைவெளி. ஒவ்வொரு ஷாஃப்டின் முனையிலும் அதைத் திருப்பும் கையாக 40 மி.மீ. கிராங்க் வைத்து, பக்கத்துக் கிராங்குகளை ஸ்பிரிங்கால் இணைத்திருக்கிறேன். ஸ்பிரிங் இருந்தால் ஏற்றத்தாழ்வு தானாகச் சமனாகிவிடும் என்று நினைத்தேன். முதல் பிளேடைக் கம்பியால் இழுத்தால் அது 70 டிகிரி திறக்கிறது. கடைசி பிளேடு 30 டிகிரியில் நின்றுவிடுகிறது. மூடுவதற்குக் கடைசி பிளேடிலிருந்து இழுத்தால் அது முன்னால் போய்விடுகிறது, முதல் பிளேடு பின்தங்குகிறது. ஒரு பிளேடைத் தனியாகத் திருப்ப, கிராங்க் முனையில் ஸ்பிரிங் தராசு அரைக் கிலோ காட்டுகிறது. என் ஸ்பிரிங்கில் ஒரு கிலோ தொங்கவிட்டால் 4 மி.மீ. நீளுகிறது. இன்னும் கனமான ஸ்பிரிங் போடலாமா? கரண்ட் போனால் வாசல் தானாக மூடிக்கொள்ள வேண்டும், அதற்கு என்ன செய்வது? அடுத்த டிரையரில் பிளேடுகள் மாற்றி மாற்றி எதிரெதிராகத் திரும்ப வேண்டும் என்கிறார் வாங்குபவர். அதையும் சொல்லுங்கள், ஐயா."

அன்புள்ள தம்பி,

தராசை மாட்டி அளந்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு அளவு இருந்ததால்தான் ஊகம் இல்லாமல் பதில் எழுத முடிகிறது. கணக்கைப் பாருங்கள், காரணம் அதிலேயே இருக்கிறது.

கடைசி பிளேடைத் திருப்ப அரைக் கிலோ வேண்டும். அதை 5-வது பிளேடுக்கும் 6-வது பிளேடுக்கும் நடுவில் உள்ள ஸ்பிரிங் தர வேண்டும். தருவதற்கு அது 2 மி.மீ. நீள வேண்டும். அதற்கு முந்தைய ஸ்பிரிங் இரண்டு பிளேடை இழுக்கிறது. அதில் ஒரு கிலோ, 4 மி.மீ. அதற்கு முந்தையது 6, அடுத்தது 8, முதல் ஸ்பிரிங் 10. எல்லாவற்றையும் கூட்டினால் 30 மி.மீ. முதல் கிராங்க் நகர்ந்த தூரத்தில் 30 மி.மீ. கடைசிக் கிராங்குக்குப் போய்ச் சேரவே இல்லை. 40 மி.மீ. கிராங்கில் அது ஏறக்குறைய 40 டிகிரி. நீங்கள் கண்ணால் பார்த்த வித்தியாசமும் 70-க்கும் 30-க்கும் நடுவில் அதே 40 டிகிரிதான். கோணம் மாற மாற இந்தக் கணக்கு கொஞ்சம் அப்படி இப்படிப் போகும், ஆனாலும் கதை இதுதான். மூடும்போது பின்தங்கும் பிளேடு இடம் மாறுவதற்கும் இதே காரணம். எந்தப் பக்கத்திலிருந்து இழுக்கிறீர்களோ அதற்கு எதிர்ப்பக்கம் தங்கிப்போகும்.

உங்கள் வேலையில் குறை இல்லை. ஸ்பிரிங்கின் இயல்பே அப்படி. எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவு விசை என்று ராபர்ட் ஹூக் 1678-ல் அச்சிட்டுச் சொன்னதைத் திருப்பிப் படியுங்கள்: நீளாமல் விசை தரச் சொன்னால் அதற்குத் தர வழியில்லை. விசை கடத்தும் இடத்தில் ஸ்பிரிங் இருந்தால் அங்கே கோணம் தொலையும். கோணத்தைக் கடத்த நீளாத பொருள்தான் வேண்டும்.

கனமான ஸ்பிரிங் போடலாமா என்று கேட்டீர்கள். இரண்டு மடங்கு கனமாக்கினால் வித்தியாசம் 20 டிகிரியாகக் குறையும். 2 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் 20 மடங்கு. அதாவது ஒரு கிலோவுக்கு 0.2 மி.மீ. மட்டும் நீளும் ஸ்பிரிங். அப்படி ஒன்றைச் சுற்றித் தரச் சொல்வதற்குப் பதிலாக ஓர் இரும்புப் பட்டையைப் போட்டுவிடலாம். அதைத்தான் போடச் சொல்லப் போகிறேன்.

கொப்பரை விஷயத்தில் இந்த 40 டிகிரி சின்னக் குறையும் அல்ல. பருப்பின் ஈரப்பதம் ஏறக்குறைய 50 சதவீதத்திலிருந்து 6 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். மேல் தட்டுக்கு ஒரு காற்று, கீழ்த் தட்டுக்கு ஒரு காற்று என்று போனால் ஒரு தட்டு கருகும்போது இன்னொரு தட்டில் பூஞ்சை பிடிக்கும். உங்கள் வாடிக்கையாளர் குறை சொல்வது சரக்கைப் பற்றியதாக இருக்கும், காரணம் இந்தக் கிராங்கில் இருக்கும்.

செய்ய வேண்டியது இது. பிளேடுக்கும் பிளேடுக்கும் நடுவில் உள்ள 5 ஸ்பிரிங்கையும் கழற்றிவிடுங்கள். 25 × 5 மி.மீ. இரும்புப் பிளாட்டில் ஒரே ஓர் இணைப்புப் பட்டை வெட்டி, அதில் 6 துளை போட்டு, 6 கிராங்கையும் அதே பட்டையில் 8 மி.மீ. பின் கொண்டு மாட்டுங்கள். துண்டு துண்டாக ஐந்து பட்டை போட்டு ஒன்றை அடுத்ததோடு கோக்க வேண்டாம். கோத்தால் ஒவ்வொரு பின்னில் உள்ள ஆட்டமும் கூடிக்கூடிக் கடைசிப் பிளேடில் போய் விழும். ஒரே பட்டையாக இருந்தால் எந்தப் பிளேடுக்கும் தன் பின்னில் உள்ள ஆட்டம் மட்டும்தான். பின்னுக்கும் துளைக்கும் நடுவில் 0.2 மி.மீ. இடைவெளி விட்டால் 40 மி.மீ. கிராங்கில் அது 0.3 டிகிரிகூட இல்லை. டிரையருக்கு இது தாராளம்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. பட்டையும் சட்டமும் கிராங்குகளும் சேர்ந்து ஓர் இணைகரம். இரண்டு கிராங்க் இருந்தால் அளவு சற்றுத் தப்பினாலும் ஓடும். மூன்றாவது கிராங்கை மாட்டிய நொடியிலிருந்து துளை இடைவெளிகள் ஒத்துப்போகாவிட்டால் இறுகும்; உங்களிடம் ஆறு இருக்கிறது. பலரும் அளவுகோல் வைத்துச் சட்டத்தில் தனியாகவும் பட்டையில் தனியாகவும் குறித்து டிரில் போடுகிறார்கள். இறுகியதும் துளையைப் பெரிதாக்குகிறார்கள். ஒரு துளையில் அரை மி.மீ. ஆட்டம் வந்தால் 0.7 டிகிரி போயிற்று. அதைவிட வழி எளிது: சட்டத்தின் பக்கத் தகட்டையும் பட்டையையும் சேர்த்துக் கிளாம்ப் போட்டு, ஆறு இடத்திலும் சிறிய டிரில்லை இரண்டிலும் ஒன்றாக இறக்கிவிடுங்கள். பிறகு தனித்தனியாக வேண்டிய அளவுக்குப் பெரிதாக்குங்கள். இடைவெளி 95-க்குப் பதில் 95.4 என்று வந்தாலும் கவலை இல்லை. இரண்டிலும் ஒரே தவறு இருந்தால் இணைகரம் கெடாது. கிராங்குகளையும் அப்படியே ஆறையும் அடுக்கி ஒன்றாகத் துளையிடுங்கள். 40 என்பது 40.3 ஆனாலும் ஆறும் 40.3 ஆக இருக்கட்டும்.

கிராங்கை ஷாஃப்டில் இறுக்கும் நேரமும் முக்கியம். முதலில் பட்டையை மாட்டுங்கள். ஆறு பிளேடையும் நன்றாக மூடி, ஒன்றன் விளிம்பு அடுத்ததன் மேல் படியும்படி அழுத்திப் பிடித்துக்கொண்டு அந்த நிலையில் கிராங்குகளை ஸ்க்ரூவால் இறுக்குங்கள். நாலைந்து முறை திறந்து மூடிப் பார்த்துத் திருப்தியான பிறகே ஷாஃப்டோடு சேர்த்துத் துளையிட்டு டேப்பர் பின் அடியுங்கள். முதலிலேயே வெல்டிங் வைத்தால் சூட்டில் இழுத்துக்கொண்டு ஒன்றிரண்டு டிகிரி தப்பிவிடும், பிறகு திருத்த முடியாது.

பட்டை அலுமினியத்தில் வேண்டாம். லேசாக இருக்குமே என்று தோன்றும். சட்டம் இரும்பு, பட்டை அலுமினியம் என்றால் 40 டிகிரி சூடு ஏறும்போது இந்த நீளத்தில் இரண்டுக்கும் 0.2 மி.மீ. வித்தியாசம் வந்துவிடும். பின்னுக்கு விட்ட இடைவெளி அதிலேயே தீர்ந்துபோகும். காலையில் ஓடியது மதியம் இறுகும். இரும்புக்கு இரும்பே போடுங்கள்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய படத்தில் ஒரு நல்ல விஷயம் பார்த்தேன். கிராங்கைப் பிளேடுக்கு 45 டிகிரி சாய்த்து வைத்திருக்கிறீர்கள். பாதி திறந்த நிலையில் கிராங்க் ஷாஃப்ட் வரிசைக்குச் செங்குத்தாக நிற்கிறது. முழுதாக மூடினாலும் முழுதாகத் திறந்தாலும் அதிலிருந்து 45 டிகிரிக்கு மேல் விலகுவதில்லை. தெரிந்து செய்தீர்களோ தற்செயலோ, அதை மாற்றாதீர்கள். கிராங்குகள் ஷாஃப்ட் வரிசையோடு ஒரே கோட்டில் வந்து நின்றால் அது டெட் சென்டர். அங்கே பட்டையை இழுத்தால் திருப்புவிசை பூஜ்யம். அதோடு ஆபத்தும் உண்டு: அந்தக் கோட்டில் ஒரு கிராங்க் வலமாகவும் இன்னொன்று இடமாகவும் போக இணைகரம் இடம் கொடுத்துவிடும். நீராவி எஞ்சினில் சக்கரங்களை இணைக்கும் தண்டும் இதே இணைகரம்தான். அந்தச் சக்கரங்கள் முழுச் சுற்றுச் சுற்றுவதால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை டெட் சென்டரைக் கடந்தாக வேண்டும். அதற்காகவே இடப்பக்கக் கிராங்கையும் வலப்பக்கக் கிராங்கையும் 90 டிகிரி தள்ளி வைப்பார்கள். ஒரு பக்கம் செத்த நிலையில் இருக்கும்போது மறுபக்கம் முழுப் பலத்தில் இருக்கும். உங்களுக்கு 90 டிகிரி திருப்பம் போதும் என்பதால் அந்தக் கோட்டின் பக்கமே போக வேண்டியதில்லை.

இனி ஸ்பிரிங்குக்கு வருவோம். கழற்றச் சொன்னேன் என்பதற்காக ஸ்பிரிங்குக்கு இங்கே வேலையே இல்லை என்று நினைக்க வேண்டாம். இழுத்து மூடும் வேலை, அதிர்ச்சி தாங்கும் வேலை, ஆட்டத்தை ஒரு பக்கமாக ஒதுக்கும் வேலை மூன்றும் அதனுடையது. லாரியின் கிளட்ச் பிளேட்டை எடுத்துப் பாருங்கள். நடுவில் வட்டமாகச் சிறு ஸ்பிரிங்குகள் இருக்கும். சில டிகிரி மட்டும் அவை அமுங்கிக்கொடுக்கும். அதற்குமேல் இரும்பு இரும்பைத் தொட்டு நின்றுவிடும். எஞ்சினின் குலுக்கலை ஸ்பிரிங் வாங்கிக்கொள்கிறது, எல்லையை இரும்பு வைத்திருக்கிறது. பாலிடெக்னிக்கில் படித்திருந்தால், எஞ்சின் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் ஹார்ட்னெல் கவர்னர் நினைவிருக்கும். அதில் இரண்டு குண்டும் ஒரே அளவு விரிவதற்குக் காரணம் இரண்டு நெம்புகோலும் ஒரே ஸ்லீவைத் தொடுவது. நடுவில் உள்ள ஸ்பிரிங் எந்த வேகத்தில் எவ்வளவு விரியலாம் என்பதை மட்டும் தீர்மானிக்கிறது. ஸ்பிரிங்கை வைத்து வடிவமைக்கும் எந்தப் பொறியிலும் இந்த இரண்டு வேலையையும் முதலில் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்: எது கோணத்தைப் பிடிக்கிறது, எது விசையைத் தருகிறது. ஒரே உறுப்பை இரண்டுக்கும் நம்பியதால்தான் உங்கள் வாசல் விசிறி மாதிரி விரிந்தது.

கரண்ட் போனால் மூடிக்கொள்ள, இணைப்புப் பட்டையின் கீழ் முனையில் ஒரே ஓர் இழுவை ஸ்பிரிங். அளவை இப்படிப் பிடிக்கலாம். ஆறு பிளேடுக்கும் சேர்த்து உராய்வு 3 கிலோ. அது கிராங்க் செங்குத்தாக நிற்கும்போது. 45 டிகிரி ஓரத்தில் 40 மி.மீ. கிராங்க் 28 மி.மீ. அளவுக்குத்தான் வேலை செய்யும்; அங்கே பட்டையில் 4¼ கிலோ தேவைப்படும். தூசி, நார், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சேர்ந்து ஆறு மாதத்தில் உராய்வு கூடும். எனவே மூடிய நிலையில், அதாவது ஸ்பிரிங் மிகவும் தளர்ந்திருக்கும் நிலையில், 8 கிலோ இழுவை இருக்கட்டும். இங்கேதான் பலர் திறந்த நிலையில் இழுத்துப் பார்த்து "நன்றாக இழுக்கிறது" என்று விட்டுவிடுகிறார்கள். மூடும் கடைசி 10 டிகிரியில்தான் ஸ்பிரிங்கின் உண்மையான பரீட்சை.

பட்டை மொத்தம் நகரும் தூரம் 57 மி.மீ. இந்தத் தூரத்தில் இழுவை 8 கிலோவிலிருந்து 12 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. போனால் திறக்கும் மோட்டாருக்குத்தான் பாரம். 57 மி.மீட்டருக்கு 4 கிலோ கூட வேண்டும் என்றால் மி.மீட்டருக்கு 70 கிராம். அதாவது நீளமான, மிருதுவான ஸ்பிரிங்கை நன்றாக முன்னிழுத்து மாட்ட வேண்டும். குட்டையான முரட்டு ஸ்பிரிங் இந்த இடத்துக்கு ஆகாது. 2.5 மி.மீ. ஸ்பிரிங் கம்பியில், கம்பியின் நடுவிலிருந்து நடு வரை 20 மி.மீ. விட்டம் வைத்து, ஏறக்குறைய 70 சுற்று சுற்றச் சொல்லுங்கள். சுருள் மட்டும் 175 மி.மீ. நீளம் வரும். 12 கிலோவில் கம்பிக்குள் வரும் தகைவு 450 மெகாபாஸ்கல் அளவில் நிற்கும். நல்ல ஸ்பிரிங் கம்பிக்கு இது பயமில்லாத அளவு. கம்பிக் கனத்தில் கவனம் வையுங்கள். ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நாலாவது அடுக்கில் ஏறும். "2.5 இல்லை, 3 இருக்கிறது, அதிலேயே சுற்றித் தருகிறேன்" என்று கடைக்காரர் சொன்னால் விறைப்பு இரண்டு மடங்காகிவிடும்.

நெருங்கச் சுற்றிய இழுவை ஸ்பிரிங்கில் சுற்றுகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கும். அந்த அழுத்தத்தை மீறும் வரை அது நீளாது. அது எவ்வளவு என்பது சுற்றுபவரின் கையைப் பொறுத்தது. ஆகவே மாட்டும் இடத்தை அளவு போட்டு நிர்ணயிக்காதீர்கள். ஸ்பிரிங் வந்தபின் எடையைத் தொங்கவிட்டு, 8 கிலோவில் எவ்வளவு நீளம், 12 கிலோவில் எவ்வளவு நீளம் என்று குறித்துக்கொண்டு, அதன்படி கொக்கி மாட்டும் போல்ட்டை வையுங்கள். போல்ட்டுக்கு 30 மி.மீ. நீளத்துக்குத் துளைப்பள்ளம் விட்டால் பின்னால் சரிசெய்துகொள்ளலாம். பட்டையின் எடையே அரைக் கிலோ வரும். பட்டை கீழே இறங்கும்போது வாசல் மூடும்படி அமைத்தால் அந்த எடையும் ஸ்பிரிங்கோடு சேர்ந்து இழுக்கும். ஸ்பிரிங் சூடான காற்றுப் பாதைக்கு வெளியே இருக்கட்டும். உங்கள் டிரையர் சூட்டில் சாதாரண ஸ்பிரிங் கம்பி தளராது. ஆனால் ஈரக்காற்று துருவைக் கொண்டுவரும், துருப்பிடித்த இடத்தில்தான் கொக்கி முறியும்.

இழுக்கும் கம்பியை மேல் முனையிலும் ஸ்பிரிங்கைக் கீழ் முனையிலும் வைத்தால் பட்டை எப்போதும் இழுபட்டே இருக்கும், வளைய வழியில்லை. திறந்த நிலையில் கம்பியில் வரும் மொத்தப் பாரம் 16 கிலோவுக்குச் சற்று மேல். மோட்டாரை 25 கிலோவுக்குத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொரு ஸ்பிரிங்குக்கும் இடம் இருக்கிறது. தேங்காய் நாரோ மட்டைத் துண்டோ பிளேடில் சிக்கினால் மோட்டார் விடாமல் இழுத்துக் கிராங்கை வளைத்துவிடும். கம்பிக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு குழாய்க்குள் அமுங்கும் ஸ்பிரிங்கை 20 கிலோ அளவுக்கு முன்பே இறுக்கி அடைத்து மாட்டுங்கள். 20 கிலோ வரை அது இரும்புத் துண்டு போல நகராமல் இருக்கும். தாண்டினால் மட்டும் விட்டுக்கொடுக்கும். முன்னிறுக்கம் உள்ள ஸ்பிரிங்கின் அருமை இது. இயல்பான பாரம் 16, விடுவது 20, மோட்டார் 25. இந்த வரிசை மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கேள்வி, எதிரெதிராகத் திரும்பும் பிளேடுகள். காற்றை நேராக, சீராக விட அது நல்ல அமைப்பு. 1, 3, 5 ஒரு பட்டையில்; 2, 4, 6 இன்னொரு பட்டையில். இரண்டு பட்டையையும் எதிரெதிராக ஓடவைப்பதுதான் கேள்வி. ஒரே பட்டையில் கிராங்குகளை மாற்றி மாற்றி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாட்டினால் ஆகாதா என்று தோன்றும். ஆகாது. பட்டை ஷாஃப்ட் வரிசையின் திசையில் மட்டும் நகர்வதில்லை, கிராங்கோடு சேர்ந்து வில்லாகப் பக்கவாட்டிலும் நகர்கிறது. ஒரு பாதி கிராங்குகள் அதை வலப்பக்கம் தள்ளும்போது மறுபாதி இடப்பக்கம் இழுக்கும்.

1-வது ஷாஃப்டிலிருந்து 2-வது ஷாஃப்டுக்குக் குறுக்காக ஒரு பட்டை போடலாம் என்று சிலர் சொல்வார்கள். நடு நிலையில் அது அழகாக ஒன்றுக்கு ஒன்று திருப்பும். ஆனால் உங்கள் 95 மி.மீ. இடைவெளியில் 20 மி.மீ. கிராங்க் வைத்துக் கணக்குப் போட்டேன். ஒரு பக்கம் 45 டிகிரி திருப்பும்போது அடுத்தது ஏறக்குறைய 33 டிகிரிதான் திரும்புகிறது. மறுபக்கம் 45 டிகிரியை எட்டுவதற்குள் இறுகி நின்றே விடுகிறது. ஷாஃப்டுகள் வெகுதூரம் தள்ளி, திருப்பமும் குறைவாக இருக்கும் இடத்துக்குத்தான் குறுக்குப் பட்டை.

உங்களுக்கு ஏற்றது ஒரு ஜோடி கியர். 1-வது ஷாஃப்டிலும் 2-வது ஷாஃப்டிலும் ஒரே அளவு கியர், மாட்யூல் (பல்லின் அளவைச் சொல்லும் எண்) 2.5, பல் 38. பிட்ச் விட்டம், அதாவது இரண்டு கியரும் ஒன்றையொன்று தொட்டு உருளும் வட்டத்தின் விட்டம், சரியாக 95 மி.மீ. வரும், உங்கள் ஷாஃப்ட் இடைவெளியும் அதுவே. 90 டிகிரி திருப்பத்துக்கு முழுக் கியர் தேவையில்லை. ஒரு கியரை வாங்கி நாலில் ஒரு பங்கு மட்டும், இரண்டு பக்கமும் இரண்டு மூன்று பல் கூடுதலாக விட்டு, அறுத்துக்கொண்டால் ஒரு கியரிலிருந்தே இரண்டு துண்டும் கிடைத்துவிடும். எதிரெதிர் திருப்பம் முழு ஓட்டத்திலும் ஒரு டிகிரிகூடத் தப்பாது.

இந்த அமைப்பில் மூடும் ஸ்பிரிங்கை இரண்டு பட்டைக்கும் ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுங்கள், ஒவ்வொன்றும் பாதி பலத்தில். ஒரே ஸ்பிரிங் என்றால் பாதிப் பிளேடுகளின் உராய்வு முழுதும் பல் வழியாகத்தான் போக வேண்டும். இரண்டாக இருந்தால் ஒவ்வொரு பட்டையும் தன் பாரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும், பல்லுக்குக் கோணத்தைக் காக்கும் வேலை மட்டும் மிஞ்சும். திறக்கும்போது கம்பி 1-வது பட்டையை இழுக்க, 2-வது பட்டையின் பாரம் முழுதும் பல் வழியாகப் போகும், ஆனால் அது 8 கிலோ அளவுதான். அந்தக் கியருக்கு அது பாரமே இல்லை.

இரண்டு டிரையரிலும் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். ஸ்பிரிங்கின் நடுவில் ஒரு மெல்லிய இரும்புக் கயிற்றைத் தளர்வாக நுழைத்து இரண்டு முனையிலும் கட்டிவிடுங்கள். கொக்கி முறிந்தால் 12 கிலோவில் இழுபட்ட ஸ்பிரிங் பக்கத்தில் தட்டு அடுக்குபவர் முகத்துக்குத்தான் பாயும். கயிறு இருந்தால் அங்கேயே தொங்கும், வாசல் மூடவில்லை என்பதும் உடனே தெரிந்துவிடும்.